நீலத் தாள் சவர்க்காரம்

சுமித்ரா ஓர் ஆராய்ச்சி விஞ்ஞானி. அவள் பிறந்த இரத்தினபுரித் தோட்டத்தில் போய் இதைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவளுடைய அம்மாவே, "புள்ள கொழும்புல சவுக்காரக் கம்பெனில இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். லயம் என்கிற வரிசை வீடுகளில் பக்கத்தில் இருந்தவர்கள், பாவம், இவள் கட்டிக்குத் தாள் சுற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் இரசாயனம் படித்தது இதற்குத்தானா என்று உச்சுக்கொட்டினார்கள். சுமித்ரா திருத்தப் போகவில்லை. ஆனால் காலையில் ஆய்வுகூடத்து வெள்ளை மேலங்கியை மாட்டும்போது அவளுக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்யும். ஏன் நிமிரக்கூடாது?

மூன்று வருஷமாக அவள் ஒரே ஒரு சவர்க்காரக் கட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். செம்மண்ணும் வியர்வையும் பட்டுப் பழுப்பேறிய துணியை, மலையிலிருந்து பீலியில் வந்து விழும் குளிர்ந்த தண்ணீரில், மெஷின் கிஷின் இல்லாமல் வெளுக்க வேண்டும். ஐம்பத்திரண்டாவது கலவையில்தான் கைகூடியது.

பிறகு வீட்டுப் பரீட்சை. கித்துல்கலப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் இருபது வீடுகளுக்குக் கொடுத்தார்கள். கடையில் விற்கும் பழைய கட்டி சிவப்புத் தாளில், இவளுடையது நீலத் தாளில், வீட்டுக்கு மும்மூன்று. ஒரு மாதம் கழித்துக் கம்பெனி ஆட்கள் போய்க் கேள்வி கேட்டு, மிச்சத்தை நிறுத்துப் பார்த்து, அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

இரண்டுக்கும் பத்துக்குப் பத்து விழுந்திருந்தது. அது அவளுக்கு ஆச்சரியமில்லை. ஃபைலோடு வருகிறவர் எதைக் கேட்டாலும் "நல்லதுங்க" என்று அனுப்பிவைப்பது தோட்டத்து வழக்கம். அவளுடைய அப்பா முத்துவீரன், உடம்பு அனலாய்க் கொதிக்கும்போதே டிஸ்பென்சரி ஐயாவிடம் "நல்லா இருக்கேங்க" என்று சொல்லிவிட்டு வந்த மனிதர். லயத்தில் பிறந்தவளே இப்படியொரு கேள்வித்தாளை எழுதலாமா? தன் தலையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றியது.

இடித்தது மிச்சத்தின் நிறைதான். சிவப்பு அநேகமாகத் தீர்ந்திருந்தது. நீலத்தில் வீட்டுக்கு இரண்டு கட்டி, தாள்கூடப் பிரிக்காமல் அப்படியே கிடந்தது.

"மார்க் ரெண்டுக்கும் ஒண்டுதான். ஆனா உம்மட கட்டியில ஒண்டுக்கு மேல சனம் தொடவே இல்லையே" என்றார் ஆய்வுப் பிரிவின் தலைவர் கிருஷ்ணகுமார். யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டவரில்லை, எண்ணைத்தான் நம்புவார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தோடு இந்த வேலையை மூடிவிடலாம் என்பது அவருடைய முடிவு.

மூன்று வருஷ உழைப்பு! சுமித்ராவுக்கு அழுகை முட்டியது. அழுது என்ன ஆகப்போகிறது என்று யோசிக்கத் தொடங்கினாள். பிடிக்காத சவர்க்காரத்தை லயத்தில் யார் மிச்சம் வைப்பார்கள்? தரையைக் கழுவியாவது தீர்த்துவிடுவார்களே. எடுத்து வைப்பது நல்லதைத்தான். இதை அவள் சொன்னால் கிருஷ்ணகுமார் நம்பமாட்டார். அவர் போய்க் கேட்டாலோ, மறுபடியும் "நல்லதுங்க"தான். ஒரு நாள் தாருங்கள், நீங்களும் கூட வாருங்கள் என்று அவரைப் பிடிவாதமாகக் கேட்டு, வியாழக்கிழமை தோட்டத்துக்கு அழைத்துப் போனாள்.

முதல் வீடு வெள்ளையம்மாவுடையது. ரப்பர்ப் பால் வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். சுமித்ரா கேள்வி எதுவும் கேட்கவில்லை. மிச்சக் கட்டிகளைக் கம்பெனி திருப்பி எடுக்கிறது, சிவப்பானாலும் நீலமானாலும் தந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். வெள்ளையம்மா சிவப்பில் மிஞ்சிய துண்டைத் துடைத்து மரியாதையாக நீட்டினார். நீலத்துக்கு மட்டும் ஆள் அசையவில்லை.

"அது தர ஏலாதுங்க மிஸ். புள்ளைகளோட ஸ்கூல் வெள்ளச் சட்டைக்கு வச்சிருக்கேன்."

கம்பெனி உத்தரவு என்று சொல்லிப் பார்த்தார் கிருஷ்ணகுமார். வெள்ளையம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. வேற எது வேணும்னாலும் கேளுங்க. அத மட்டும் கேக்காதீங்க."

அடுத்த வீட்டில் கட்டி பெட்டிக்குள் இருந்தது, சாவிதான் இல்லையாம். அதற்கடுத்த வீட்டில் தொலைந்தே போய்விட்டதாம். கட்டி என்னவோ சாமி படத்துக்குக் கீழே பளிச்சென்று இருந்தது. கிருஷ்ணகுமாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருபது வீடும் ஏறி இறங்கினார்கள். பரீட்சைக்காகத்தான் கேட்டோம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சுமித்ரா வீட்டுக்கு வீடு மன்னிப்பும் கேட்டாள்.

வேனுக்குத் திரும்பியதும் கிருஷ்ணகுமார் அவளுடைய ஃபைலை வாங்கினார். வேலையை மூடலாம் என்று தான் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, 'திருப்பித் தர மறுத்த வீடுகள்: பதினேழு' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். சுமித்ராவுக்குப் பெருமை தாங்கவில்லை. தோட்டத்துச் சனம் ஓர் ஐயாவின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லி அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. இன்று நேராகவும் சாக்காகவும் பதினேழு வீட்டில் கேட்டாள், தன் கையால் கலந்த சவர்க்காரத்துக்காக.