ஏலக்காயின் குளிர்ச்சி

அன்று டாக்டரின் அறையில் இருந்தது நான்கே பேர்: டாக்டர், நர்ஸ், என் மதினி, நான். மதினிக்கும் எனக்கும் பல வருடச் சைனஸ். ஒரே மாதத்தில், அதே டாக்டரிடம் இருவரும் மூக்கில் ஆபரேஷன் செய்துகொண்டோம். வியாதியின் பெயர்தான் ஒன்று, பாடு வேறு. மதினிக்கு அடைப்பும் தலைவலியும்; ஆனால் வாசனை தெரியும். எனக்கு வாசனையே போய்விட்டது. போடியில் ஏலக்காய்க் கடையில் மூட்டையைப் பிரித்ததும் முகர்ந்து பார்த்து, பூசண வாடை அடித்தால் ஒதுக்கி வைப்பது என் வேலை. ஒரு வருடமாக, பக்கத்தில் காய் பொறுக்கும் மதினியிடம் ரகசியமாகக் கேட்டுத்தான் ஒப்பேற்றி வந்தேன்.

"ஆபரேஷனுக்குப் பத்துக்கு எத்தனை மார்க்கு போடுவீங்கம்மா?" என்று டாக்டர் மதினியைக் கேட்டார்.

"பத்தும் போடுங்க சார். என் கொறட்டைக்குப் பயந்து மொட்டைமாடில படுத்துக் கெடந்த மனுசன், இப்ப வீட்டுக்குள்ள வந்துட்டாரு."

குறை சொன்னால் மறுபடியும் ஆபரேஷன் என்பாரோ?

"உங்களுக்கு வாசனை தெரியுதா?"

"தெரியுற மாதிரி இருக்கு சார்."

கண்ணை மூடச் சொன்னார். முகர வைக்கும் காப்பித்தூள் டப்பா காலி என்றாள் நர்ஸ். மதினி பர்சைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூக்கருகே எதையோ நசுக்கினார்கள். உள்ளே ஜில்லென்று ஏறியது.

"ஏலக்காய்" என்றேன்.

"போடிக்காரங்க மூக்காச்சே," என்று சிரித்துவிட்டு, வாசனை திரும்பிவிட்டதாக எழுதி, மாத்திரையையும் நிறுத்திவிட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. அந்தக் குளிர்ச்சியும் மணமும் எனக்கு எப்போதும் சேர்ந்தே வந்தவை. குளிர்ச்சி மட்டும் தனியாக வரும் என்று யாருக்குத் தெரியும்? திரும்பும்போது பஸ்சில், "எதோ செத்து நாறுது," என்று மதினி முந்தானையால் மூக்கை மூடினாள். அவளைப் பார்த்து நானும் மூடிக்கொண்டேன். எனக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை. ஜன்னலோரம் அவள்தானே இருக்கிறாள் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

மறுநாள், மழையில் நனைந்து ஜீப்பில் வந்த மூட்டையை முகர்ந்தேன். ஜில்லென்றது. இந்த முறை மதினியைக் கேட்கவில்லை. டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டாரே.

மூன்றாம் நாள், வாங்கியவர் மூட்டையைத் திருப்பி அனுப்பினார்.

"இம்புட்டு வாடை உனக்குத் தெரியலையா ஆத்தா?" என்றார் முதலாளி.

"குளுந்துச்சுங்கய்யா. அதான் வாசம்னு நெனச்சுட்டேன்."

மூட்டையின் வாயை அவரே கட்டி ஓரமாகத் தள்ளினார். "இனிமே நீ காய் பொறுக்கு. மூட்டையை உம் மதினி பாக்கட்டும்."

அன்று சாயங்காலம் மதினி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "அந்தச் சோலியை நான் கேக்கலடி."

"தெரியும் மதினி."

திங்கட்கிழமை டாக்டரிடம் தனியாகப் போகிறேன். ஏலக்காய் வேண்டாம், வேறு எதையாவது முகரக் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். மறுபடியும் ஆபரேஷன் என்பாரோ என்று சொல்லாமலே திரும்பிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. காய் பொறுக்குவதற்குக் கூலி குறைவு. ஆபரேஷனுக்காக முதலாளியிடம் வாங்கியதில் இன்னும் கொடுக்க வேண்டியது இருபத்திரண்டாயிரம் ரூபாய்.