கரைக்கு வராத காகித வள்ளம்

இறால் வாசம் கையை விட்டுப் போகவே போகாது... தேசிக்காய் தேய்த்தாலும் சரி, சோப் போட்டாலும் சரி. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் மெல்ல நகர்ந்து உட்காருவார். நாங்களும் கவனிக்காத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு இருப்போம்.

சிலாபத்துக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு இறால் ஃபெக்டரி. உடப்பு என்ற மீன்பிடி ஊரிலிருந்து போன எனக்கு அதுதான் முதல் வேலை. காலையிலிருந்து ஐஸ் தண்ணிக்குள் கை. தலையைக் கிள்ளி, மேல் கோதை உரித்து, பேசினில் போட வேண்டும். மத்தியானம் ஆனால் விரல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து புது மனேஜர் சேர் வந்தார்.

வந்த கையோடு சுவரில் பெரிய போர்ட் ஒன்று அடித்தார். முழுக்க நீலக் கடல். ஒரு ஓரத்தில் மஞ்சளாய்க் கரை. ஆளுக்கொரு காகித வள்ளம், அதில் அவரவர் பேர். கீழே வரிசையாகப் பேர் எழுதிய பால்மா டின்கள். ஒரு பேசின் நிறைந்தால் ஒரு டோக்கன். டோக்கனை டின்னில் போட்டால், பின்னேரம் எண்ணிப் பார்த்து வள்ளத்தைக் கரைப் பக்கம் நகர்த்துவார். முன்னுக்கு நிற்பவர்தான் அந்தக் கிழமை முழுக்க கெப்டன். தலைமுடி நெட்டுக்கு மேலே சிவப்புத் தொப்பி போடலாம், கென்டீனில் முதல் சாப்பாடு.

சம்பளம் நாள் கணக்குத்தான். டோக்கன் சும்மா விளையாட்டு.

ஆனால் அந்த விளையாட்டு என்னைப் பிடித்த பிடி இருக்கே... சொன்னால் சிரிப்பீர்கள்! கனவிலும் இறால் உரித்தேன். எதிர் மேசை ராஜேஸ்வரி அக்கா எனக்கு ஜென்ம விரோதி ஆகிவிட்டார். ரெண்டு கிழமை தொடர்ந்து தொப்பி என் தலையில். ஊர்ச் சந்தியில் இறங்கியும் அதைக் கழற்றாமல் நடந்து போனவள் நான்.

மாதம் பாதி தாண்டியபோது சேர் புதுசாக ஒன்று சொன்னார். மாத முடிவில் கடைசியாக நிற்கிற வள்ளத்துக்குரிய ஆள் வேலைக்கு வரத் தேவையில்லையாம்.

எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குத்தான் போனது... ரஹீலா தாத்தாவின் வள்ளம். (முஸ்லிம் வீட்டு அக்காவை எங்கட பக்கம் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம்.) இறால் கொம்பு குத்தி அவவுக்கு விரல் பழுத்திருந்தது. வீட்டில் மனுசன் படுக்கையில். அவ உழைத்தால்தான் அடுப்பு எரியும். வள்ளமோ நடுக்கடலில் அப்படியே நின்றது.

அன்றைக்கு பஸ்ஸில் தாத்தா என் பக்கத்தில் இருந்தா.

"நான் நாளைக்கு வரல்ல புள்ள. அந்த போர்டப் பாக்கவே ஏலாம ஈக்கி."

எனக்கும்தான் ஏலவில்லை. சேர் பாவம், படிப்பில் கெட்டிக்காரர். ஆனால் மீன்பிடிக்கிற ஊர்ப் பெண்களுக்கு வள்ளத்தை வைத்து விளையாட்டுப் போட்டுவிட்டார். எங்களுக்கு, கடைசியாய் நிற்கிற வள்ளம் தோற்ற வள்ளம் இல்லை... இன்னும் வந்து சேராத வள்ளம். எங்கட ஊரில் ஒரு வள்ளம் பிந்தினால் கரையில் நிற்கிற ஒருத்தரும் வீட்டுக்குப் போகமாட்டோம். சொந்தக்காரர், கோபக்காரர் எல்லாரும் கடலையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

"நாளைக்கு மட்டும் வாங்க தாத்தா" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அடுத்த நாள் அவ வந்தா.

நான் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. என் டோக்கன் எல்லாவற்றையும் தாத்தாவின் டின்னில் போட்டேன். தொப்பி இனி ராஜேஸ்வரி அக்காவுக்குத்தான் என்று நினைக்க வயிறு எரிந்தது... எரியட்டும் என்று விட்டேன்.

பின்னேரம் சேர் டின்னைக் கவிழ்த்தார். தாத்தாவின் டின்னிலிருந்து டோக்கன் கொட்டுகிறது, கொட்டுகிறது, நிற்கிற பாடில்லை. மற்ற டின்களில் டிங் என்று ஒரு சத்தம் கூட இல்லை. நடுக்கடலில் நின்ற வள்ளம் ஒரே நாளில் எல்லாரையும் தாண்டி முன்னுக்கு வந்துவிட்டது!

நான் ராஜேஸ்வரி அக்காவைப் பார்த்தேன். அவ கூரையைப் பார்த்தா. அப்போதுதான் விளங்கியது... ஆளுக்காள் சொல்லாமல் எல்லாரும் அதே வேலையைத்தான் பார்த்திருக்கிறோம்.

அன்றைக்குக் கிழமைக் கணக்கு முடிகிற நாள், சிவப்புத் தொப்பி தாத்தாவின் தலையில் ஏறியது. பழுத்த விரலால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தா.

இப்போது வேறொருத்தியின் வள்ளம் கடைசி. அடுத்த நாள் எல்லார் டோக்கனும் அங்கே போனது, தாத்தாவுடையதும். அதற்கடுத்த நாள் இன்னொருத்தி. யார் பின்னுக்கோ அவளுக்கு. கை பறந்தது! பின்னேர ஷிஃப்ட்டுக்கு மிச்சம் வைக்காமல் உரித்துத் தள்ளினோம். தொப்பிக்காக உரித்த நாளில் கூட என் விரல் அப்படி ஓடியதில்லை.

மாதக் கடைசி நாள் சேர் போர்டுக்கு முன்னால் வந்து நின்றார். வள்ளம் எல்லாம் ஒரே வரிசையில் மஞ்சள் கரையில்.

"இதில யார் கடைசி?" என்று கேட்டார்.

ராஜேஸ்வரி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினா. "எல்லா வள்ளமும் வந்திட்டுது சேர். இனி நாங்க வீட்ட போறம்."

சேர் கையிலிருந்த தொப்பியை ஆணியில் கொழுவிவிட்டு, ஒரு பேரும் சொல்லாமல் உள்ளே போனார். பஸ்ஸில் நாங்கள் போட்ட கூச்சலுக்கு டிரைவர் ரெண்டு தரம் திரும்பிப் பார்த்தார். வாழ்க்கையில் எத்தனையோ வென்றிருக்கிறேன்... அந்தப் பின்னேரம் மாதிரி ஒன்று பிறகு வரவேயில்லை.

இப்போது நான் கொழும்பில் ஒரு ஒபிஸில் டீம் லீடர். இங்கும் அதே விளையாட்டுத்தான், ஃபோனில் ஆப்பாக. பொயின்ட்ஸ், பெட்ஜ், முதல் மூன்று பேருக்குக் கைதட்டல். எல்லாம் வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் கடலும் இல்லை, கரையும் இல்லை. வெறும் பேர்தான். கடைசிப் பேர் வரை விரலை இழுத்துப் பார்க்கிறவர்கள் இல்லை.

நான் மட்டும் ஒவ்வொரு பின்னேரமும் அந்த லிஸ்டைக் கீழேயிருந்து வாசிக்கிறேன். கடைசியில் நிற்கிற பிள்ளையின் மேசைக்குப் போய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.