மார்ஜரியின் முழங்கால் அளவு

மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் தையல் மெஷின் திருத்தும் மார்ஜரி, அதில் உட்காரப் போகிறவரின் பாதத்திலிருந்து முழங்கால்வரை நாடாவால் அளக்காமல் எந்த மெஷினின் உயரத்தையும் தொடமாட்டாள். தொழிலுக்கு வந்த புதிதில் அளக்காமல் கொடுத்து, ஒரு தையல்காரரின் முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து வந்த பழக்கம் அது.

எழுபத்து மூன்றாம் ஆண்டு ஓகஸ்டில் அக்கா புருஷன் செபஸ்தியன் வாடகைக் காரில் வந்து இறங்கினான். பின்சீற்றில் கிட்டார் கிடந்தது. அவளுடைய கிட்டார்.

முன்பு இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வெள்ளைக்காரத் துரைசானிக்கு உடுப்புத் தைத்தவள் மார்ஜரி. துரைசானி சீமைக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன பெடல் ஸ்டீல் கிட்டார் அது. மேசைபோல் நாலு காலில் நிற்கும். கீழேயுள்ள மிதியை மிதித்தால் தந்தி இறுகிச் சுரம் ஏறும். முழங்காலால் தள்ளுவதற்கும் ஒரு பிடி உண்டு. இரண்டு வருடம் தனியாக வாசித்துப் பழகியிருந்தாள். ஒரு கல்யாணத்துக்கு மட்டும் என்று தன் பேண்டு வாத்தியக் குழுவுக்கு வாங்கிப்போன செபஸ்தியன் திருப்பித் தரவில்லை. கேட்கப் போனவளை மாதா கோயில் மண்டபத்தில் எல்லோர் முன்னாலும், "இவகிட்ட குடுத்தா தையல் மெஷின்னு நெனச்சுப் பாவாடைக்கு ஓரம் அடிப்பா" என்றான். மண்டபமே சிரித்தது. பத்து வருடமாக அந்தச் சிரிப்பு அவள் காதைவிட்டுப் போகவில்லை.

இப்போது கிட்டார் லொறியிலிருந்து விழுந்து கால்கள் வளைந்திருந்தன. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பூட்டு நொறுங்கி, மிதிகளிலிருந்து மேலே போகும் கம்பிகளும் ஒடிந்திருந்தன. வெளிநாட்டுச் சாமான் இறக்குமதியாகாத காலம். கொழும்பெல்லாம் அலைந்துவிட்டுத்தான் அவளிடம் வந்திருந்தான்.

"செப்டம்பர் எட்டு மாதா திருநாளுக்குக் கச்சேரி. செய்வியா?"

"செஞ்சுரலாம் மச்சான். உட்காருங்க, முழங்கால் அளவெடுக்கணும்."

"என்னா, எனக்குக் களுசான் தைக்கப் போறியா?" கார் டிரைவரும் சேர்ந்து சிரித்தான். "கிட்டாருக்கு எதுக்கு அளவு? வேணும்னா ஒன் காலையே அளந்துக்க."

"அப்பறம் கூட்டவோ கொறைக்கவோ ஏலாது."

"சரி சரி" என்று கையை வீசிவிட்டுக் காரில் ஏறினான்.

மார்ஜரி அன்றே மாத்தளைக்குப் போய் யாகூப் நானாவின் பழைய இரும்புக் கடையைக் கிளறினாள். குழாய்க்கால் கட்டில் ஒன்று, சைக்கிள் சக்கரக் கம்பிகள் ஒரு பிடி, டைப்ரைட்டர் சுருள்கம்பி நாலு எடுத்து வைத்தாள்.

"இந்தக் கட்டில்ல ஆரப் படுக்க வைக்கப் போறீங்க தங்கச்சி?"

"படுக்க வைக்க இல்ல நானா. ஒருத்தர எழுப்பிவிட."

வீட்டுக்கு வந்து தன் காலை அளந்தாள். பதினேழரை அங்குலம். ஆறடி செபஸ்தியனுக்கு இருபத்திரண்டாவது இருக்கும். இரண்டு முறை சரிபார்த்து, குழாயைத் தன் அளவுக்கு அறுத்தாள். சைக்கிள் கம்பிகளை இரண்டிரண்டாகப் பற்றவைத்து, கிட்டாரின் உடலுக்கும் மிதிக்கும் நடுவே இறுக்கமாக மாட்டினாள். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. குறை வைத்தால் பழி பாழாகிவிடும்.

திருநாளன்று மாலைதான் கிட்டாரை மேடையில் கொண்டுபோய் வைத்தாள். தோட்டத்துச் சனம் பஸ்பஸ்ஸாக வந்து மண்டபம் நிறைந்திருந்தது. செபஸ்தியன் உட்கார்ந்து மிதியில் கால் வைத்ததும் முழங்கால் பிடியில் போய் முட்டியது. தந்தி கீச்சிட்டது. தாழ்ந்த நாற்காலி வந்தது. அதற்காக முழங்கால் குட்டையாகவில்லை. ட்ரம் அடிக்கும் பழனிமுத்து நாலு செங்கல் கொண்டுவந்து கிட்டாரின் கால்களுக்குக் கீழே வைத்தான். மிதிகள் அந்தக் கால்களோடு பிணைந்தவை. அவையும் மேலே வந்தன, கூடவே செபஸ்தியனின் பாதமும் முழங்காலும்.

"என்னாடி செஞ்ச?"

"நீங்க சொன்னபடி என் காலத்தான் அளந்தேன் மச்சான்."

"கிட்டார் கால நீட்டு."

"அறுத்த குழாய் வளராது. புதுசு இந்த நாட்டுலயே இல்ல."

முன்வரிசையில் யாரோ சிரிக்க, மண்டபம் முழுதும் பரவியது. பத்து வருடத்துக்கு முந்தைய அதே சிரிப்பு. மார்ஜரி மேடையேறி, அவனை எழுப்பிவிட்டு, கையிலிருந்த குடையை அவனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். முதல் சுரம் வழுக்கியது. இரண்டாவதும் வழுக்கியது. மூன்றாவதில் விரல் இடத்தைக் கண்டுகொண்டது. மாதா பாட்டு முடியும்வரை அவன் குடையோடு நின்றான்.

கிட்டார் அன்று அலுவிகாரைக்கே திரும்பியது. உயரத்தை மாற்ற வழியில்லையா என்று பிறகு ஒருமுறை அக்காவிடம் கேட்டனுப்பினான்.

"வந்து உட்காரச் சொல்லு, அளவெடுக்கணும்" என்றாள் மார்ஜரி.

அவன் வரவில்லை.