பதினோரு கிலோ போதாதவன்

உடல் இளைக்கும் அறுவைச் சிகிச்சைக்குத் தகுதி பெறுவதற்காக நான் நான்கு மாதம் உட்கார்ந்து தின்று எடையைக் கூட்டினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என்னைப் போன்ற இன்னொரு புத்திசாலி எங்காவது இருக்கக்கூடும், அவருக்காக எழுதுகிறேன்.

இது தொடங்கியது அதற்கும் முன்பே. முதலில் போனது மூச்சு. கொரட்டூர் ரயில் நிலையத்து மேம்பாலப் படியில் பாதியில் நின்று, கீழே போகும் ரயிலை ரசிப்பவன் போல நடிக்க ஆரம்பித்தேன். ரசித்த ரயில் பெரும்பாலும் நான் ஏறவேண்டியது. அம்பத்தூர் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா நான். ஏணியில் ஏறிச் சாமான் எடுக்க முடியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று மேலாளர் கேட்டுவிட்டார்.

பதினோரு வருடமாக டாக்டர்களிடம் போய்க்கொண்டுதான் இருந்தேன். குரல் கரகரத்தாலும், தோல் வறண்டாலும், பல் வலித்தாலும் ஒரே பதில்: எடையைக் குறையுங்கள். மனைவியைவிடக் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன் என்றால் புன்னகைத்தார்கள். பிடிபட்ட திருடன் சத்தியம் செய்யும்போது ஏட்டையா புன்னகைப்பாரே, அது.

கடைசியில், வெளிநாட்டில் படித்து வந்த ஒரு சர்ஜன் நகரத்தில் குடல் மாற்றுவழி அறுவை (சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கி, மேல்பகுதியைக் கடைப்பகுதியோடு இணைப்பது, தின்றது உடம்பில் அதிகம் ஒட்டாது) செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். உயரத்துக்கு உரியதைவிட நாற்பத்தைந்து கிலோ கூடுதல் இருக்கவேண்டும். பத்தியம் இருந்து பல வருடம் தோற்றிருக்கவேண்டும். பருமனுக்கு வேறு நோய் காரணமாக இருக்கக்கூடாது. பிறகு பேதி, சிறுநீரகக் கல் எல்லாம் வரலாம்; ஆயுள் முழுக்கப் பரிசோதனைக்கு வரவேண்டும்.

என்னை நிறுத்துப் பார்த்தார்கள். பதினோரு கிலோ போதவில்லை.

வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் என்னைப் போதாதவன் என்றார். வந்த கோபத்தில் அவர் சொன்ன மற்ற நிபந்தனைகளெல்லாம் மறந்துவிட்டன. எடை மட்டும் நினைவிருந்தது.

வாரத்துக்கு மூன்று நாள் பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போய் பாய் கடையில் பிரியாணி. சனிக்கிழமைதோறும் ரயில் நிலைய எடைமெஷினில் காசு போட்டு, எடையும் ஜோசியமும் அச்சடித்த அட்டையைச் சேர்த்தேன். ‘உங்கள் முயற்சி பலிக்கும்’ என்றது ஓர் அட்டை.

“இன்னா சார், ஒடம்பு எளைக்க ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிகினு இன்னொரு பிளேட்டு கேக்கற?” என்றார் பாய்.

“பரீட்சைக்குப் படிக்கிறேன் பாய்.”

பாஸாகிவிட்டேன். சித்திரை மாதம் அட்டைக் கட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது சர்ஜனின் உதவியாளரான பெண் டாக்டர் இருந்தார். அட்டைகளை அவர் தொடவில்லை. சட்டைக்கு மேல் நான் போட்டிருந்த ஸ்வெட்டரைப் பார்த்தார்.

“இந்த வெயில்ல ஸ்வெட்டர் எதுக்கு?”

“குண்டனுக்கு ஏர்கண்டிஷன் உள்ளேயே இருக்கு டாக்டர்.”

“நான் சிரிக்கிறதுக்குக் கேக்கலை. எத்தனை வருஷமா குளிருது?”

விரல்விட்டு எண்ணினேன்; பத்தைத் தாண்டியது. அதுவரை யாரும் கேட்டதில்லை. அவர் கழுத்தைத் தடவிப் பார்த்தார், முழங்காலில் சுத்தியலால் தட்டினார், ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு குறைபாடு (கழுத்திலுள்ள சுரப்பி சோம்பிப்போய், உடம்பின் எல்லா வேலையும் மந்தமாவது) என்று முடிவு வந்தது.

“உங்களுக்கு ஆபரேஷன் கிடையாது. மாத்திரைதான்,” என்றார். “மொதல் நாளே இதைப் பாத்திருக்கணும்.”

கழுத்தில் கை வைக்க அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தைப் பதினோரு வருடமாக ஒருவரும் எனக்குத் தரவில்லை. பருமனைப் பார்த்ததும் மனிதனைப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். கத்திக்குத் தகுதியா என்று பார்ப்பதற்காவது இந்தப் பெண் டாக்டர் கேள்வி கேட்டார். இல்லாவிட்டால் என் குடலை வெட்டி ஒட்டியிருப்பார்கள், குளிர் அப்படியே இருந்திருக்கும். என் பங்கும் உண்டு. அவர்கள் கேட்பதற்குள் நானே ஒரு ஜோக் அடித்துவிடுவேன். சிரித்து அனுப்பிவிடுவார்கள். டாக்டர் அறையில் தமாஷ் பேசாதீர்கள்.

ஒரு வருடமாகிறது. பிரியாணி எடை போயிற்று, கொஞ்சம் வீக்கம் வடிந்தது. இன்னும் குண்டன்தான். ஆனால் மேம்பாலத்தில் நிற்காமல் ஏறுகிறேன், ஏணியிலும். உலகம் அநியாயத்துக்கு அவசரப்படுகிறது என்று நினைத்திருந்தேன். நான்தான் மெதுவாக ஓடிய கடிகாரம். இந்தச் சித்திரையில் நெற்றியில் வேர்த்தது. துடைக்க மனம் வராமல் வெயிலில் நின்றேன்.

ஸ்டேஷன் டீக்கடை முனுசாமியிடம் அந்தப் பழைய டாக்டர்களைப் பற்றி மூன்று நாளாகக் கொதித்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் அவனுக்குத் தினம் ஒரு ஜோக் சொல்வேன். டீயை ஆற்றிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“எட ஒண்ணும் அவ்ளோ கொறயல சார். தமாஷ்தான் ரொம்ப எளச்சிப் போச்சு.”