இரவல் போன முத்திரை

பெட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டுத்தான் சாவிக்காரரிடம் முதன்முதலில் போனேன். எங்கள் வீட்டில் பட்டம் என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள் நான். புதுசாகத் தைத்த கறுப்பு அங்கி அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது.

"வக்கீலா தம்பி? கேஸை அப்புறம் ஜெயிக்கலாம், மொதல்ல பூட்டை ஜெயிப்போம்" என்று அரத்தை எடுத்தார்.

காவல் நிலையத்துக்கு எதிரே, ஒரு ஆள் உட்காரும் அகலத்தில் கடை. பக்கத்துக் கடை தையல்காரம்மாவுடையது. அவருடைய தம்பியை யாரோ கத்தியால் குத்திக் கொன்றிருந்தார்கள். கத்தி அகப்பட்டபோது துணியில் கட்டி, அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள். சாட்சிக் கையெழுத்து சாவிக்காரருடையது. பொட்டலத்தைப் பிரித்து யாரும் மறுபடி ஒட்டிவிடக் கூடாதல்லவா, அதனால் அந்தப் பித்தளை முத்திரையைச் சாட்சியிடமே கொடுத்துவைப்பார்கள்.

அதை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"ஸ்டேஷனுக்கே இது ஒண்ணுதான் தம்பி. நடுவுல வேற கேஸுக்கு வேணும்னு ஏட்டய்யா வந்து கேட்டார், குடுத்தேன். ரெண்டே நாள்ல திருப்பிக் குடுத்துட்டார். தங்கமான மனுஷன்."

தெருவில் பாதி வீட்டுச் சாவி அவரிடம் இருந்தது. உடையவர் வந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பார். முப்பது வருஷப் பழக்கம்.

குத்தியதாகப் பிடிபட்டவனுக்கு ஆஜரானவர் என் சீனியர். அது சாவிக்காரருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. முத்திரை இரவல் போன கதையைச் சீனியரிடம் சொன்னேன். அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கூண்டில் நின்ற சாவிக்காரரிடம் சீனியர் அதட்டாமல் கேட்டார். "முத்திரை இன்னிக்கு வரைக்கும் உங்ககிட்டயேதான் இருந்துச்சா?"

சாவிக்காரர் தையல்காரம்மாவைப் பார்த்தார். பிறகு என்னை, என் அங்கியை.

"நடுவுல ரெண்டு நாள் இல்லீங்க."

அந்த இரண்டு நாளும் பொட்டலம் நிலையத்தில்தான் கிடந்தது. பரிசோதனைக்குப் போனதே அதன் பிறகு. பிரித்து மறுபடி ஒட்டியிருக்கலாம் என்று நீதிபதி கத்தியை ஒதுக்கிவிட்டார். அதை விட்டால் வேறு ஆதாரம் இல்லை. ஆள் விடுதலை.

வாசலில் தையல்காரம்மா அவரை நிறுத்தினார். "என்கிட்டதான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

"கேட்டப்புறம் எப்படிம்மா பொய் சொல்றது. அப்பவே குடுத்திருக்கக் கூடாது. இதையும் ஒரு சாவின்னு நெனச்சுட்டேன்."

அந்தம்மா படியிறங்கிப் போனார்.

சட்டப்படி அது கேட்கவேண்டிய கேள்வி. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் என்னைத் தம்பி என்று நினைத்து அவர் சொன்னதை வக்கீலாக எடுத்துக்கொண்டு போனவன் நான். மன்னிப்புக் கேட்கப் போனபோது, "பூட்டு சரியா இருக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை போட்டிருக்கிறார். சாவி வெட்டிக் கொடுக்கிறார். யாருடைய சாவியையும் வாங்கி வைப்பதில்லை.