அந்தப் பெயரை நாரதர் சொல்லட்டும்

புத்தகம் வந்த அன்று சீதை மத்தியானச் சோற்றைக்கூடத் தள்ளிப்போட்டாள். கண்ணில் புரை விழுந்து, வெளிச்சம் தெரியும், ஆள் முகம் தெரியாது என்ற நிலை அவளுக்கு. மகள் நாகவல்லி படிக்க, அவள் கேட்க வேண்டும். அதற்காகவே தலைவாரி, வெளுத்த சேலை உடுத்தி, நாடகம் பார்க்க முதல் வரிசையில் இடம் பிடித்தவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

புத்தகம், செம்மலை வாத்தியாரின் வாழ்க்கை வரலாறு. அந்த 1971-ஆம் வருஷத்தில் காரைக்குடி வட்டாரத்தில் செம்மலை வாத்தியாரைத் தெரியாதவர் யார்? நாடகக் கம்பெனிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் அவர் மெட்டுக்குத் தலையாட்டாத ஊர் இல்லை. பூக்கட்டுகிறவளும் அவர் பாட்டைத்தான் முணுமுணுப்பாள். அப்பேர்ப்பட்ட மனிதர் பக்கவாதத்தில் விழுந்ததும் கம்பெனி கைவிட்டது, சொந்தம் கைவிட்டது. மூச்சு அடங்கும்வரை அவரை வைத்துக் காப்பாற்றியது நாடகத்தில் நடித்துப் பிழைத்த இந்தச் சீதைதான். தாலி இல்லை, ஊர் ஒப்புதல் இல்லை. அவளுடைய சின்ன ஓட்டு வீடும் ஒரு பழைய ஆர்மோனியமும் இருந்தன. நாகவல்லி அவருக்குப் பிறந்தவள் அல்ல. ஆனால் பாடக் கற்றது அவரிடம். இன்று அவள் சுற்றுவட்டாரம் முழுக்கப் பெயர் சொல்லும் வள்ளி வேஷக்காரி.

புத்தகத்தை எழுதியவர் சத்தியமூர்த்தி. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். போன வருஷம் இந்த வீட்டுக்கு வந்து, சீதை கையால் இடியாப்பம் சாப்பிட்டு, கேட்டதையெல்லாம் கேட்டு, வாத்தியாரும் சீதையும் சேர்ந்து எடுத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தையும் வாங்கிப்போனவர்.

நாகவல்லி படித்துக்கொண்டே போனாள். வாத்தியார் பிறந்தார், வீட்டைவிட்டு ஓடினார், கம்பெனியில் சேர்ந்தார், மன்னர்கள் கையால் மோதிரம் வாங்கினார். சீதை ஒவ்வொன்றுக்கும் "ஆமா, ஆமா" என்றாள். கடைசி அத்தியாயம் வந்தது. நாகவல்லியின் கண்கள் குரலுக்கு முன்னால் ஓடின. ஓடி, அப்படியே நின்றன.

"என்னத்தா, நிறுத்திட்ட?"

நாகவல்லி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "'கண்ணை இமை காப்பது போல வாத்தியாரைக் காத்து நின்றவர் சீதையம்மாள் என்னும் மாதரசி. அந்த உத்தமியின் தியாகத்தை...'"

"போதும்டி. அது போன மாசம் நீ மேடையில அழுதுக்கிட்டே பேசுன வசனம். அந்த ஆளு எழுதுனதைப் படி."

வேறு வழியில்லை. நாகவல்லி படித்தாள். "'வாத்தியாரின் இறுதிக்காலம் இருண்டது. ஒரு நாடகக்காரியின் வீட்டில் ஒதுங்கி அந்த மேதை சீரழிந்தது. அவள் பெயர் இந்தப் புனித வரலாற்றுக்கு வேண்டாம்.'"

சீதை, படம் மாட்டியிருந்த சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு கேட்டாள்.

"படம் போட்டிருக்காகளா?"

"போட்டிருக்காக ஆத்தா."

"நான்?"

"உன்னை வெட்டிட்டாக. நாற்காலி மேல உன் கை மட்டும் கிடக்கு."

மகளின் கண்ணீர் புத்தகத்தில் சொட்டியது. தாயின் கண்கள் காய்ந்தே இருந்தன.

"சீரழிஞ்சாராமா? வள்ளி நாடகத்துப் பாட்டு முழுசையும் இந்த வீட்டுல படுத்துக்கிட்டுத்தானே திருப்பிக் கட்டினாரு? வாய் கோணிப் போயி அவரு சொன்னது எனக்கு மட்டுந்தானே விளங்குச்சு? நான்தானே ஆர்மோனியத்துல வாசிச்சு வாசிச்சுக் காட்டினேன்?"

"வக்கீலைப் பாப்பமா? பத்திரிகைக்கு எழுதிப் போடுவமா?"

"எழுத்து அவுக தொழிலு. நம்ம தொழிலு பேச்சு. அந்த ஆளு உக்காந்திருக்கிற சபையில என் பேரைச் சொல்லணும், நான் கேக்கணும். ஆனா நீ சொல்லாத. மக சொன்னா பாசம்னு தள்ளிருவாக. வேற வாய் சொல்லணும்."

மாசி மாதத்தில் வாத்தியாருக்கு நினைவு விழா எடுத்தார்கள். விழாவை நடத்திய காசிவிஸ்வநாதன் செட்டியார், ஊர் ஊருக்கு நாடகம் அமர்த்துவதில் பெரிய கை. வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கக் காட்சி மட்டும் சாயங்காலம் நடக்க வேண்டும் என்று நாகவல்லிக்கு வெற்றிலை பாக்கு வைத்தார். தட்டை நீட்டும்போதே எச்சரித்தார்.

"பழங்கதை எதுவும் வேணாம். புத்தகத்தைப் பத்தி நீ ஒரு பிரசங்கம் வச்சியோ, இந்தப் பக்கத்துல உனக்கு மேடை கிடையாது."

"வள்ளி கேக்குறதைத்தான் நான் கேப்பேன், ஐயா."

"அது போதும்" என்று திருப்தியாகப் போனார்.

இந்தப் பக்கத்து நாடகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நடிகர்களுக்கு ஒத்திகை கிடையாது. ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து மேடையில்தான் சந்திப்பார்கள். தர்க்கத்தில் யார் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டதற்குப் பதில் வர வேண்டும். இல்லாவிட்டால் தோற்றேன் என்று சபையறிய ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை திரை விழாது.

அன்று நாரதர் புதுக்கோட்டை முத்துராமன். எந்த வள்ளியிடமும் தோற்றறியாதவர். அவரிடம் நாகவல்லி முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. முன் வரிசையில் மாலையோடு சத்தியமூர்த்தி. பெண்கள் பக்கம், தூணோரமாகச் சீதை.

"தினைப்புனம் காக்கும் பெண்ணே, உன்னைப் பெற்றவள் யார்?" என்று ஆரம்பித்தார் நாரதர்.

"மான், சுவாமி."

"மான் வயிற்றில் மனுஷி பிறக்குமா?"

"நீங்க பிரம்மாவோட மனசுல பிறந்தீகளாம். அதைக் கேட்டு நாங்க சிரிச்சோமா?"

கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. சத்தியமூர்த்தியும் சிரித்தார்.

"என் தாய் யாருன்னு நான் சொல்லிட்டேன். இப்ப என் முறை" என்றாள் நாகவல்லி. "மூணு உலகமும் சுத்துறவுக நீங்க. இந்த மேடையில நாம பாடுற பாட்டைக் கட்டினவரு செம்மலை வாத்தியாரு. அவரு கடைசியாச் சோறு தின்ன வீடு, யாரு வீடு?"

ஆர்மோனியம் நின்றது. முத்துராமனின் நெற்றியில் பூசிய திருநீறு வியர்வையில் கரைந்தது.

"ஒரு நாடகக்காரி வீடு என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறதே."

"நானும் நாடகந்தான் ஆடுறேன். நீங்களும் நாடகந்தான் ஆடுறீக. அப்ப உங்க வீடா?"

சிரிப்பு எழுந்தது. காசிவிஸ்வநாதன் எழுந்து, திரைக்கயிற்றைப் பிடித்திருந்த மருதுவைப் பார்த்து இறக்கு இறக்கு என்று கையைக் காட்டினார். மருது கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"தர்க்கம் முடியலையே, ஐயா."

"பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறதம்மா" என்றார் நாரதர். குரல் இறங்கியிருந்தது.

"வேணாம்னது யாரு? சோறு போட்டவளா, எழுதினவரா? தெரியலைன்னா தோத்தேன்னு சொல்லிட்டு இறங்குங்க, சுவாமி."

பாவம், முத்துராமன். சொன்னால் செட்டியாரின் பகை. சொல்லாவிட்டால் நாரதர் தோற்றார் என்று நாளைக்கே நாடு பேசும். முன் வரிசையைப் பார்த்தார். சத்தியமூர்த்தி மடியிலிருந்த மாலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். தூணோரம் பார்த்தார். பார்வையில்லாத ஒருத்தி காதை மேடைப் பக்கம் திருப்பிக் காத்திருந்தாள். வெட்கப்பட்டாரோ, வீம்பு வந்ததோ, கையிலிருந்த சிப்ளாக்கட்டையைத் தட்டி எட்டுக்கட்டைக் குரலில் எடுத்தார்.

"சீதை வீடு. வாத்தியாரைப் பார்க்கப் போன அன்று எனக்கும் இலை போட்ட வீடு. நாடகம் ஆடிப் பிழைத்த சீதையின் வீடு."

சத்தியமூர்த்தி எழுந்து போய்விட்டார். சீதை பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்தாள்.

"உனக்கு நல்லாக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு ஆத்தா."

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லு."

காசிவிஸ்வநாதன் சொன்னபடி செய்தார். அவர் கை ஓங்கிய ஊர்களில் நாகவல்லிக்கும் முத்துராமனுக்கும் மேடை இல்லாமல் போனது. கஞ்சி குடித்த நாட்கள் உண்டு. ஆனாலும் குன்றக்குடிப் பக்கம் கூப்பிட்டார்கள், கீழச்சிவல்பட்டியில் கூப்பிட்டார்கள். எங்கே போனாலும், யார் நாரதராக வந்தாலும், அவள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதில்லை. "அதை விட்டுத்தொலையேன்" என்றவர்களுக்கு, "அவுக புத்தகத்துல சேக்கட்டும், நான் விடுறேன்" என்றாள். புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்தது. படத்தில் நாற்காலி மேல் கை மட்டுமே இருந்தது. அவளும் விடவில்லை.

1975-இல் சீதை கண்ணை மூடினாள். கருமாதி முடிந்த கையோடு நேமத்தான்பட்டியில் நாடகம். வர வேண்டாம் என்று ஊரார் சொல்லியும் நாகவல்லி அரிதாரம் பூசினாள். நாரதராக வந்தவர் வெளியூர், புதியவர். அவள் கேள்வியைக் கேட்டதும் திருதிருவென்று விழித்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது, "சீதை வீடு." பின்னால் இன்னொன்று. பிறகு கூட்டம் மொத்தமும் சொன்னது.

நாகவல்லி அழவில்லை. கண்மை கலையாமல் நாரதர் பக்கம் திரும்பினாள்.

"சபை சொல்லிருச்சு, சுவாமி. நீங்களும் ஒரு தடவை சொல்லிருங்க."