மாமா திருத்தி எழுதிய கருத்து

கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தபோது நான் தாவரவியலில் பட்டம் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. என் மாமனார் கல்லூரியில் அதே பாடத்தை நடத்தி ஓய்வுபெற்றவர். பூக்காத பெரணிச் செடிகள் பற்றி யாராவது ஆராய்ச்சிப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பினால், அச்சிடலாமா என்று கேட்டு அது எங்கள் வீட்டுக்கு வரும். மாமாவுக்குக் கை நடுங்கும். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்.

அறுபதுகளில் ஒரு சாரல் காலத்தில், குற்றாலத்துப் பாறைகளில் வளரும் ஒரு பெரணியைப் பற்றி இளைஞர் ஒருவரின் கட்டுரை வந்தது. மாமா ஒரே மூச்சில் படித்தார். தெளிவான கட்டுரை, அப்படியே போடலாம் என்று நாலே வரியில் கருத்தை முடித்துவிட்டார்.

உறையில் வைக்குமுன் ஆசைக்கு நானும் படித்தேன். பெரணி ஆராய்ச்சி எனக்குப் புதுசு. ஒவ்வொரு வரியையும் படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் புரிந்தது. இலையின் பின்புறம் வித்துப் பொட்டுகள் நடு நரம்பை ஒட்டி இருக்கும் என்றது எழுத்து. படத்தில் அவை ஓரத்தில் இருந்தன.

சொல்லலாமா என்று வெகுநேரம் யோசித்து, காப்பி கொடுக்கும்போது சொன்னேன். மாமா கட்டுரையை வாங்கிப் பார்த்தார். செருப்பை மாட்டினார். குற்றாலம் வரை போய்வரலாம் என்றார்.

அருவிக்கு மேலே போகும் பாதை வழுக்கியது. மடக்கிய குடையை நீட்டினேன்; மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஒரு பாறையிடுக்கில் அந்தப் பெரணி இருந்தது. இலையைத் திருப்பினார். பொட்டுகள் ஓரத்தில்தான் இருந்தன.

இலையைப் பிடித்தபடியே சொன்னார்: "எழுத்துல இருக்கது நான் முன்னால எழுதுன வாக்கியம்லா. அந்தப் பையன் என்னைய நம்பி அப்படியே எடுத்துப் போட்டிருக்கான். என் வார்த்தைங்கதால எனக்கும் தட்டுப்படவே இல்ல. நீதாம்மா படிச்சிருக்க."

அவர் தலையில் விழுந்த சாரலைப் பார்த்துக் குடையை விரித்தேன்.

வீடு திரும்பியதும் புதுக் கருத்தைச் சொன்னார். பழைய விவரிப்பு தவறு, அதை எழுதியவன் நானே, இளைஞர் தம் கண்ணால் பார்த்து வரைந்ததையே நம்பி எழுதட்டும் என்று இரண்டு பக்கம் நீண்டது. வழக்கமாக மறைத்துவைக்கும் தம் பெயரை இந்தமுறை அந்த இளைஞருக்குத் தெரிவிக்கலாம் என்றும் சேர்க்கச் சொன்னார். கட்டுரை அச்சாகி வந்தபோது, தம் பழைய தவறை இளைஞர் திருத்தியிருந்த பத்தியை என்னை வாசிக்கச் சொல்லிச் சந்தோஷமாகக் கேட்டார்.

அடுத்து வந்த கட்டுரையைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டினார். "மொதல்ல நீ படி. என்ன தோணுதுன்னு இப்பச் சொல்லாத, நானும் தனியாப் படிச்சிக்கிடுதேன், பொறவு ஒத்துப் பாப்போம்" என்றார்.